மலை ஏற முன்னம் செயின் வழுக்குது: 34 பல் ப்ரீவீல் எங்கே எடுக்கலாம்?

நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு நானும் மச்சானும் 5 நாள் சைக்கிள் பயணம் போகிறோம். திருகோணமலை மட்டும் பஸ். அப்புறம் ஏ15 பாதையில் மூதூர், வாகரை எனக் கடலோரமாகச் செங்கலடி. அங்கிருந்து ஏ5இல் மகாஓயா, பிபிலை, லுணுகலை வழியாகப் பதுளை. திரும்ப ரயில்.

கடற்கரைப் பகுதி பிரச்சினையில்லை. மலைதான் பயம். என்னுடையது பழைய 26 அங்குல மவுண்டன் சைக்கிள், முன்னால் 3, பின்னால் 7 கியர், திருகி மாட்டும் ப்ரீவீல் (பின் சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி). பின்னால் பெரிய பல்சக்கரத்தில் போட்டு எழும்பி மிதித்தால் 'டக்' என்று செயின் வழுக்குது. யாழ்ப்பாணத்தில் ஏது மலை? பண்ணைப் பாலத்தில் எதிர்காற்றுக்கு, பின்னால் 10 கிலோ அரிசி மூட்டை கட்டித்தான் சோதித்தேன்.

இரண்டு கிழமையாக மினக்கெடுகிறேன். கியர் கேபிளை இறுக்கினேன், தளர்த்தினேன். புதுச் செயின் போட்டேன், அதற்குப் பிறகு இன்னும் மோசம். கழுவிப் பார்த்தால் ப்ரீவீல் பற்கள் சுறாச் செட்டை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கு. தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராதுதானே. டவுனில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஒன்றில் பெரிய சக்கரம் 28 பல் உள்ளதுதான் இருக்காம், மலைக்கு அது காணாது; மற்றதில் "கியரைக் கழற்றிவிட்டு ஓடுங்கோ தம்பி" என்றார்கள். பதுளைக்கு முன்னால் வரும் பசறை ஏற்றத்தில் அந்தக் கடைக்காரரையே ஓடவிட வேணும்!

7 கியர், 34 பல் ப்ரீவீல் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ எங்கே கிடைக்கும்?