‘ஓரளவு’ என்ற கட்டம் வேண்டுமா, வேண்டாமா?

வெண்கட்டி: மாணவரின் திறனை ஆசிரியர் வரிவரியாகக் குறிக்கும் சரிபார்ப்புப் பட்டியலில் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு கட்டங்களே போதும், ‘ஓரளவு’ என்ற மூன்றாவது கட்டம் முடிவெடுக்கத் துணியாத ஆசிரியர்களுக்கானது என்று ‘அளவுகோல்’ என்ற பெயரில் எழுதுபவர் சொல்லியிருந்ததைப் படித்து மனம் கொதித்தது. கற்கத் தொடங்கிய குழந்தை பெரும்பாலும் அந்த ‘ஓரளவு’ நிலையில்தான் இருக்கிறது. அதைப் பதிய இடமில்லாத பட்டியல் எதை மதிப்பிடுகிறது?

அளவுகோல்: சொன்னதையே மீண்டும் சொல்கிறேன். வேதியியல் செய்முறையில், திரவத்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டின் முனையில் இருந்த காற்றுக்குமிழ் நீக்கப்பட்டதா, அளவைக் குறிக்கும் முன் புனல் எடுக்கப்பட்டதா, பிறைமட்டத்தின், அதாவது குழாயில் திரவத்தின் வளைந்த மேற்பரப்பின், அடிப்பகுதி கண்மட்டத்தில் வைத்துப் பார்க்கப்பட்டதா என்ற ஒவ்வொன்றுக்கும் இரண்டே விடைகள்தாம். புனலை ஓரளவு எடுத்த மாணவரைத் தாங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள். மூன்றாவது கட்டம் இருந்தால் தயங்கும் பேனா அங்கேதான் போகும். ஒரே மாணவருக்கு இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாகக் குறிப்பார்கள்.

சிலேட்டு: புனலைக் காட்டியே எத்தனை நாள் வாதாடுவீர்கள்? ‘தன் கருத்துக்குச் சான்று தருகிறார்’ என்ற வரியில், சான்று இருந்தும் அது பொருந்தாத கட்டுரைக்கு எங்கே குறிப்பது?

அளவுகோல்: பிழை வரியில் இருக்கிறது, கட்டத்தில் இல்லை. ‘சான்று தருகிறார்’, ‘சான்று கருத்துடன் பொருந்துகிறது’ என்று இரண்டாகப் பிரித்தால் சிக்கல் தீர்ந்தது.

வெண்கட்டி: பிரித்துக்கொண்டே போனால் பட்டியல்தான் நீளும், மாணவர் கண்ணில் படமாட்டார். மருத்துவக் கல்வியாளர் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் விவரித்த, பட்டியல் வைத்து மதிப்பிடும் மருத்துவச் செய்முறைத் தேர்வு முறையில் இதைக் கண்டார்கள். நோயை விரைந்து கணித்துவிடும் அனுபவசாலி, எல்லாக் கேள்விகளையும் வரிசையாகக் கேட்கும் பயிற்சி மாணவரைவிடப் பட்டியலில் குறைந்த மதிப்பெண் பெறுவதுண்டு.

அளவுகோல்: அந்த அனுபவசாலி கேள்வியைக் கேட்கவில்லை, ஆகவே அது ‘இல்லை’, ‘ஓரளவு’ அன்று. மூன்றாவது கட்டம் அவரை எப்படிக் காப்பாற்றியிருக்கும்? வீட்டுப்பாடம் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் பேச்சை மாற்றினீர்கள்.

சிலேட்டு: அந்த விவாதத்தில் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விலகியவர் தாங்கள்தான். பழையதைக் கிளற வேண்டாம்.

அளவுகோல்: விலகவில்லை, அங்கே பதில் சொல்லத்தக்க கேள்வியே இல்லை.

வெண்கட்டி: வாசிப்புப் பட்டியலில் ‘ஓரளவு’ என்று குறித்து, ‘கூட்டெழுத்து வந்தால் நிற்கிறார்’ என்று பக்கத்தில் எழுதுகிறேன். மறுநாள் எதைக் கற்பிக்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் எனக்குத் தெரிகிறது.

அளவுகோல்: அது குறிப்பினால் தெரிகிறது. அதே குறிப்பை ‘இல்லை’க்குப் பக்கத்தில் எழுதத் தடையென்ன? மூன்றாவது கட்டம் எதற்கு என்பதற்கு இன்னும் விடை வரவில்லை.

சிலேட்டு: ‘இல்லை’ என்று குறித்த தாளைக் குழந்தையும் பார்க்கும், ஐயா. பக்கத்தில் இருக்கும் குறிப்பை அது படிக்கப்போவதில்லை.