எரிமலையில நடக்கப் போற ஆக்களுக்கு: எங்கட குடும்பக் குழு

பாரிஸ் அண்ணா: எல்லாருக்கும் வணக்கம். புள்ளயளுக்கு லீவு விட்டாச்சு, ஆகஸ்ட்ல ரீயூனியன் தீவுக்குப் போறம். மொரிசியஸுக்குப் பக்கத்தில இரிக்கிற பிரான்ஸ் தீவு. கடல் குளிக்க இல்ல, மலையில நடக்கத்தான். பித்தோன் த ல ஃபூர்னேஸ் எண்டு இப்பவும் வெடிக்கிற எரிமலை ஒண்டு அங்க இரிக்கு

கல்லடி மாமி: எரிமலையா?? புள்ளயளக் கூட்டிக்கு அங்க என்னத்துக்கு மனே போறாய்

பெரியப்பா: பொறு புள்ள, அவன் சொல்லட்டும். வெடிக்கக்குள்ள ஆக்கள உள்ள விடுவாங்களா மனே?

பாரிஸ் அண்ணா: விடுறல்ல பெரியப்பா. இரவு பகலா கண்காணிக்கிற நிலையம் ஒண்டு இரிக்கு, நிலம் கொஞ்சம் வீங்கினாலும் அதிர்ந்தாலும் கருவியில காட்டிரும், அலேர்ட் குடுத்தா எரிமலையச் சுத்தி இரிக்கிற பள்ளத்துக்குள்ள இறங்குற கேட்ட மூடிருவாங்க. 2007ல உச்சியில இருந்த பெரிய வாய் 300 மீட்டருக்கு மேல இடிஞ்சு உள்ள போன, அதுக்குப் பிறகு விளிம்பச் சுத்தி நடக்கவும் ஏலா, நிண்டு பார்க்க ஒரு இடம் விட்டிரிக்காங்க அவ்வளவுதான்

தம்பி: அப்ப கேட் திறந்திருந்தா பயமில்லயா அண்ணா

பாரிஸ் அண்ணா: எனக்கு எரிமலைய விட முகில்தான் பயம். விடிய நல்ல வெளிச்சமா இரிக்கும், 10 மணி தாண்ட முகில் ஏறினா முன்னுக்குப் போற ஆளத் தெரியாது. அங்க மரமுமில்ல நிழலுமில்ல, முழுக்க கறுப்புக் கல்லு, பாதை எண்டு தேஞ்சு கிடக்கிறல்ல, கல்லுல வெள்ளப் பெயின்டால பொட்டு வச்சிரிப்பாங்க, ஒரு பொட்டுல நிண்டு அடுத்த பொட்டப் பார்த்துப் பார்த்துத்தான் போகணும். அடுத்தது தெரியாட்டி நிண்ட பொட்டுலயே நிக்கணும், தேடிக்கு அலையப்படாது. எரிமலைக் குழம்பு ஓடி ஆறின இடத்தில சில பக்கம் மேல ஓடு மெல்லிசு, உள்ள கோறை, விலத்தி மிதிச்சா கால் உள்ள போயிரும், விழுந்து கைய ஊண்டினா கண்ணாடி ஓடு கிழிச்ச மாதிரிக் கிழிச்சுப் போடும்

பெரியப்பா: உகந்தையில இருந்து காட்டுக்குள்ளால கதிர்காமக் கோயிலுக்கு நடந்து போகக்குள்ள நாங்க செய்யிறதச் சொல்லுறன் கேளு மனே. நடக்க மாட்டாத ஆள முன்னுக்கு விடணும், நல்லா நடக்கிறவன் கடைசி ஆள். முன்னுக்கு ஆள் கூப்பிட்டா பின்னுக்கு ஆள் அரோகரா எண்டு குரல் குடுக்கணும், சத்தம் வரல்லயா எல்லாரும் நிண்டிரணும். தண்ணி வழியில கிடைக்கும், குமுக்கன் ஆத்தில அள்ளலாம் எண்டு வெறும் போத்தலோட வெளிக்கிடுறவன் மத்தவன்ட தண்ணியத்தான் குடிப்பான். மறுகா, எத்தின மணிக்குத் திரும்புறதெண்டு வீட்டுல இருந்தே முடிவெடுத்துக்குப் போ. அந்த நேரம் வந்தா உச்சி பத்து நிமிசத்தில இருந்தாலும் திரும்பணும், மேல நிண்டு யோசிச்சா மனசு விடாது

பாரிஸ் அண்ணா: சரி பெரியப்பா, 11 மணி எண்டு வைப்பம். அங்க ஆகஸ்ட்ல ஆறு மணிக்கே இருட்டிரும். தண்ணி ஆளுக்கு ரெண்டு லீட்டருக்குக் குறையாம எடுப்பம், எரிமலைப் பக்கம் ஒரு சொட்டும் இல்ல

சின்னம்மா: நர்ஸா சொல்லுறன், ஓடைத் தண்ணி குடிக்கக் குடுக்க வேணாம், கால்ல புண் இருந்தா ஓடையில இறக்கவும் வேணாம். அங்கயும் எலிக்காய்ச்சல் இரிக்கு. புதுச் சப்பாத்து வாங்கி அண்டைக்கே போட்டு ஏறாதீங்க, இப்பவே போட்டு நடந்து பழக்குங்க

கல்லடி மாமி: பாம்பு கீம்பு?

பாரிஸ் அண்ணா: விஷப்பாம்பு இல்ல மாமி, யானை கரடியும் இல்ல. மழைதான். 1966 ஜனவரியில ஒரு புயலுக்கு 24 மணித்தியாலத்தில 1,825 மில்லிமீட்டர் பெய்த தீவு, உலக ரெக்கோட். மட்டக்களப்புல ஒரு வருசம் பெய்யிறதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். இப்ப அங்க குளிர்காலம், புயல் காலமில்ல, எண்டாலும் மேல மலையில பெய்தா கீழ வெயில் எறிக்கக்குள்ளயே ஆறு பெருகி வந்திரும், அதால ஓடை கலங்கி ஓடினா கடக்கிறல்ல எண்டு சொல்லி வச்சிரிக்கன். மகன் பித்தோன் தெ நேஜ் எண்ட 3,070 மீட்டர் மலையில விடியிறதப் பார்க்கணுமாம், அதுக்கு இடையில 2,478 மீட்டரில ஒரு தங்குமடம் இரிக்கு, அங்க படுத்து எழும்பித்தான் ஏறுவம்

கல்லடி மாமி: இஞ்ச கச்சான் காத்துல வேகுறம், அங்க குளிரா? மொத்த உடுப்பு எடு மனே. கோயில் இரிக்கா அங்க

பாரிஸ் அண்ணா: நிறைய இரிக்கு மாமி. 1848ல அடிமைமுறை ஒழிஞ்ச பிறகு கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிப் போன தமிழாக்கள்ட பரம்பரை. பாண்டிருப்புல போல அங்கயும் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிப்பாங்க

கல்லடி மாமி: அப்ப முதல் கோயிலுக்குப் போய்த்து மறுகா ஏறு

தம்பி: சிக்னல் எடுக்குமா அண்ணா

பாரிஸ் அண்ணா: பள்ளத்துக்குள்ள எடுக்கிறல்ல. எடுத்தா 112, மலை மீட்புப் பொலிஸ் ஹெலிகொப்டரில வரும். புள்ளயள் கழுத்தில விசில் போடுறன், ஆபத்தெண்டா நிமிசத்துக்கு 6 தரம் ஊதணும். ஹெலி வந்தா ரெண்டு கையையும் விரிச்சு மேல தூக்கினா உதவி வேணும், ஒரு கை மேல ஒரு கை கீழ எண்டா வேணாம். சும்மா ரெண்டு கையையும் ஆட்டி டாட்டா காட்டப்படாது எண்டு சின்னவளுக்குப் பழக்கிக்கு இரிக்கன்

அம்மா: எல்லாம் சரி தம்பி, நீ இறங்கின எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்

பாரிஸ் அண்ணா: அங்க 4 மணிக்குள்ள காருக்கு வந்து மெசேஜ் போடுவன் அம்மா. அது பாரிஸ் நேரம் இல்ல, உங்கட நேரம் 5.30

அம்மா: 5.30க்கு வராட்டி ஆருக்கு எடுக்கிற

பாரிஸ் அண்ணா: விடுதி நம்பர், கார் நம்பர், போற பாதைட பேர் மூண்டையும் வெளிக்கிட முதல் இதுக்குள்ள போடுறன். தம்பி நீ அத பின் பண்ணி வை, விடுதிக்காரரிட்டயும் சொல்லித்துத்தான் போவன்

தம்பி: சரி அண்ணா. வேற ஆரும் அண்டைக்கு குட் மோர்னிங் படம் போட்டு நிரப்பாதீங்க