மாங்குளம் வீட்டார் குழுவில் ஓர் ஆர்எக்ஸ்-8

வெள்ளி மாலை

நிரோ: [படம்] [படம்] [படம்]

நிரோ: எல்லோரும் பாருங்கோ. மஸ்டா ஆர்எக்ஸ்-8. 2004 தயாரிப்பு, ஆறு கியர் மனுவல். நீர்கொழும்பில் நிற்கிறது. 45 லட்சம் கேட்கிறார், பேசினால் குறைப்பாராம். மீற்றரில் 88,000 தான் ஓடியிருக்கிறது.

செல்வி சித்தி: வடிவான சிவப்பு. பின்கதவு ஏன் மற்றப் பக்கமாகத் திறந்து கிடக்கிறது? உடைந்துவிட்டதா?

நிரோ: இல்லை சித்தி, அது அப்படித்தான். முன்கதவைத் திறந்தால்தான் பின்கதவு திறக்கும். நாலு பேர் வசதியாகப் போகலாம்.

செல்வி சித்தி: வசதியாகவா? மாமியை ஏற்றினால் இறக்குவதற்கு ஆள் பிடிக்க வேண்டும் 😂

பாபு அண்ணா ஸ்காபரோ: டேய் நிரோ!!! நிமிடத்துக்கு 9000 சுற்று (ஆர்பிஎம்) வரை போகும் எஞ்சின். எடுடா.

குகன் மாமா: பாபு, நீ அங்கே இருந்து எடு எடு என்பாய். ஏ-9 வீதியில் நின்றுபோனால் கட்டி இழுக்கப் போவது நான். நிரோ, அட்வான்ஸ் ஏதும் கட்டினாயா?

நிரோ: இல்லை மாமா. திங்கள்கிழமை வேறு ஒருவர் பார்க்க வருகிறாராம். இன்றைக்கு 2 லட்சம் போட்டால் எனக்காகப் பிடித்து வைப்பாராம்.

குகன் மாமா: அந்த வேறு ஒருவர் எல்லாக் காருக்கும் திங்கள்கிழமைதான் வருவார். ஒரு சதமும் போடாதே. கராச் பூட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.

வெள்ளி இரவு

குகன் மாமா: சரி. முதலில் ஒரு கேள்வி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் பழைய டொயோட்டா விட்ஸ்கூட வாங்கிய விலைக்கு மேலே போய் விற்றது. அப்படியான நாட்டில், ஜப்பானில் 250 பி.எஸ். குதிரைவலு என்று விற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஏன் ஒரு பழைய குடும்பக் காரின் விலைக்கு நிற்கிறது? வடிவு குறைவா? இல்லை. எஞ்சினுக்குப் பயந்துதான் சனம் விலை வைக்கிறது.

குகன் மாமா: இது ரோட்டரி எஞ்சின், இதில் பிஸ்டன் கிடையாது. முக்கோணமாக இரண்டு ரோட்டர், ஆட்டுக்கல்லுக்குள் குழவி சுற்றுவது மாதிரிச் சுற்றும். ஒவ்வொரு முனையிலும் ஒரு மெல்லிய சீல் இருக்கிறது, அபெக்ஸ் சீல் என்பார்கள். அது தேய்ந்தால் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் பலம், போய்விடும், கம்ப்ரெஷன் போனால் எஞ்சினைக் கழற்றிப் பிரிக்க வேண்டியதுதான். டோஹாவில் வேலை செய்த காலத்தில் இரண்டு ஆர்எக்ஸ்-8 பிரித்தோம். வெளியே இரண்டும் கண்ணாடி மாதிரி மினுங்கின. உள்ளே ஒன்று நல்லது, மற்றது குப்பை. பெயின்ற்றைப் பார்த்து இந்தக் காருக்கு விலை சொல்லவே முடியாது.

செல்வி சித்தி: வாகனப் பதிவுப் புத்தகத்தில் 1308 சி.சி. என்று இருக்கிறதே குகன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விட்ஸ் மாதிரிப் பெற்றோல் குடித்தால் நல்லதுதானே?

குகன் மாமா: அக்கா, அந்த 1308 ஐ நம்ப வேண்டாம். ரோட்டருக்கு 654 வீதம் இரண்டுக்குமாகச் சேர்த்து எழுதியது அது. குடிப்பது பெரிய எஞ்சின் அளவுக்கு. ரவுனுக்குள் ஓடினால் லீற்றருக்கு ஏழு, எட்டுக் கிலோமீற்றர் கிடைத்தால் சந்தோசப்படலாம். அதுவும் 92 ஒக்ரேன் பெற்றோல் போட்டு ஓட்டும் காரில்லை, 95 வேண்டும். எல்லாப் பெற்றோல் செட்டிலும் 95 இருக்காது.

செல்வி சித்தி: ஐயோ.

குகன் மாமா: ஒயிலும் குடிக்கும். சீலுக்கு வழுவழுப்பாக இருக்கட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலை உள்ளே விட்டு எரிக்கிற மாதிரித்தான் செய்திருக்கிறார்கள். பழுதாகி எரிப்பதில்லை. ஆகவே விற்கிறவர் "ஒயில் துளிகூடக் குறையாது தம்பி" என்று சொன்னால் ஒன்றில் அவருக்குக் கார் தெரியாது, இல்லாவிட்டால் ஒயில் போகும் வழி அடைத்துக் கிடக்கிறது. இரண்டு தரம் பெற்றோல் அடித்தால் ஒரு தரம் கம்பியை எடுத்து ஒயில் பார்க்கிறவர்தான் இந்தக் காரை ஒழுங்காக வைத்திருந்தவர்.

நிரோ: அவர் அதைத்தான் சொன்னார் மாமா. துளிகூடக் குறையாதாம் 😐

பாபு அண்ணா ஸ்காபரோ: மாமா சொல்வது சரிதான். அமெரிக்காவில் எஞ்சினுக்கு மட்டும் 8 வருடம் அல்லது 1 லட்சம் மைல் என்று மஸ்டாவே வாரண்டியை நீட்டிக் கொடுத்தது. சும்மா கொடுப்பானா?

குகன் மாமா: இப்போதுதான் இதைச் சொல்ல வருகிறதா உனக்கு? எடுடா எடுடா என்றாய்.

பாபு அண்ணா ஸ்காபரோ: 🙈

நிரோ: கம்ப்ரெஷன் பார்க்க நீங்கள் வந்தால் போதாதா மாமா? உங்களிடம் மீற்றர் இருக்கிறதே.

குகன் மாமா: என்னுடையது பிஸ்டன் எஞ்சினுக்கானது. ரோட்டருக்கு மூன்று முகம். சாதாரண மீற்றரைச் செருகினால் மூன்றில் கூடியதை மட்டும் காட்டிவிட்டு நிற்கும், மற்ற இரண்டும் செத்துக் கிடந்தாலும் தெரியாது. ரோட்டரிக்கு என்று தனி மீற்றர் இருக்கிறது, ஒவ்வொரு முகத்தையும் பிரித்து, எஞ்சின் சுற்றும் வேகத்தையும் சேர்த்துக் காட்டும். நிமிடத்துக்கு 250 சுற்றில் 830 கிலோபாஸ்கல் நல்லது, 680 கடைசி எல்லை. இரண்டு ரோட்டருக்குமாக வரும் ஆறு இலக்கமும் கிட்டக் கிட்ட இருக்க வேண்டும். இங்கே யாரிடமும் அந்த மீற்றரை நான் கண்டதில்லை, கொழும்புப் பக்கம் கேட்டுப் பார்க்கிறேன்.

குகன் மாமா: அதற்கு முன் காசில்லாமல் நீயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நீ போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். "இப்போதுதான் கழுவிக்கொண்டு வந்தேன்" என்று சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வா. குளிரில் ஸ்ராட் பண்ணிக் கேள். பிறகு அரை மணித்தியாலம் நன்றாக ஓடி, சூடு ஏறியதும் நிறுத்து. பத்து நிமிடம் பேசிக்கொண்டு நில். அப்புறம் ஸ்ராட் பண்ணு. டக்கென்று பிடித்தால் நல்லது. கிர் கிர் கிர் என்று இழுத்துக்கொண்டே இருந்தால் சீல் போகிறது. புது ஸ்ராட்டர் மோட்டார், புதுப் பற்றறி போட்டு இதை மறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவை இரண்டும் மட்டும் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேள்.

நிரோ: சரி மாமா. அவர் கழுவிக் காட்டுகிறேன் என்றுதான் சொன்னார்.

குகன் மாமா: கழுவ வேண்டாம் என்று சொல். குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் பண்ணி ஒரு நிமிடம் நகர்த்திவிட்டு நிறுத்தினால் பெற்றோல் உள்ளே நிரம்பி அடுத்த முறை பிடிக்காது. இந்தக் காருக்கு அது பெரிய வியாதி.

சனி காலை

தர்ஷினி: அண்ணா, மூன்றாவது படத்தில் பொனற்றுக்குள் சேர்விஸ் ஸ்ரிக்கர் ஒன்று இருக்கிறது. பெரிதாக்கிப் பார்.

தர்ஷினி: [படம்]

தர்ஷினி: அடுத்த சேர்விஸ் 1,12,000 என்று பேனையால் எழுதியிருக்கிறது. மீற்றரில் 88,000 என்றாய்.

பாபு அண்ணா ஸ்காபரோ: 😳😳

செல்வி சித்தி: என் மகள் பிடித்தாள் பாருங்கோ 👏

நிரோ: நான் இதைக் கவனிக்கவே இல்லை. அவரிடம் கேட்கிறேன்.

நிரோ: மீற்றர் போர்ட் பழுதாகி வேறு போட்டது என்கிறார். 40 க்குத் தரலாமாம்.

குகன் மாமா: கேட்டவுடன் 5 லட்சம் குறைந்துவிட்டது. கேட்காமல் இருந்திருந்தால் அந்த ஐந்தும் உன் தலையில். தர்ஷினிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடு.

குகன் மாமா: ஆனால் ஒன்று. 88 ஆயிரமோ 1 லட்சத்து 10 ஆயிரமோ, கிலோமீற்றருக்காக இந்த எஞ்சினை நான் தள்ளிவிட மாட்டேன். குறைய ஓடி, பத்து நிமிடக் கடைப் பயணத்துக்கு மட்டும் எடுத்து வைத்த கார் இதைவிட மோசமாக இருக்கும். ரோட்டரியை இடைக்கிடை நன்றாகச் சூடாக்கி உயரச் சுற்றில் ஓட்ட வேண்டும். எனக்குப் பிரச்சினை மனிதர்தான். மீற்றரை மறைத்தவர் வேறு எதை மறைத்தார் என்று இனி ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

தர்ஷினி: புத்தகத்தில் எஞ்சின் நம்பரும் பார்க்க வேண்டும்தானே மாமா? எஞ்சின் மாற்றியிருந்தால்?

குகன் மாமா: கெட்டிக்காரி. இந்தக் காரில் அது முக்கியம். எஞ்சின் போய், ஜப்பானில் இருந்து வந்த பழையது ஒன்றை இறக்கிப் போட்டிருக்கலாம், பிஸ்டன் எஞ்சின் மாற்றி வைத்தவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். மாற்றியது பிழையில்லை. ஆனால் புத்தகத்தில் உள்ள நம்பரும் எஞ்சினில் உள்ள நம்பரும் ஒத்துவராவிட்டால் பெயர் மாற்றும்போது நீ அலைவாய். செசி நம்பர் எஸ்ஈ3பி என்று தொடங்க வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தில் வாகன நம்பரைக் கொடுத்துச் சின்னக் கட்டணம் கட்டினால் விபரம் வரும். லீசிங் கம்பனி இன்னும் முழு உரிமையாளராக நிற்கிறதா என்றும் அதில் பார்.

குகன் மாமா: ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயர் எழுதாத பெயர் மாற்றப் படிவத்தில், கையெழுத்து வைத்துத் தருகிறேன் என்றால் கதையை முடி. புத்தகத்தில் பெயர் உள்ளவர் நேரில் வர வேண்டும், அடையாள அட்டையோடு.

செல்வி சித்தி: நான் ஒன்று கேட்கட்டா? நீங்கள் எல்லோரும் எஞ்சின் எஞ்சின் என்கிறீர்கள். நாளைக்கு இவன் கலியாணம் கட்டிப் பிள்ளை பிறந்தால் விற்கத்தானே வேண்டும். கிளிநொச்சியில், முல்லைத்தீவில் இதை யார் வாங்குவார்கள்?

பாபு அண்ணா ஸ்காபரோ: சித்தி போட்டாள் பார் பவுண்சர்.

குகன் மாமா: அக்கா கேட்டது நியாயம். இங்கே ஹயஸ் வான் என்றால் காலையில் போட்டால் மாலையில் போகும். இதற்கு ஆள் கொழும்பில்தான், அதுவும் ஆசைக்காரன் ஒருவன் வர வேண்டும். விற்க மாதக்கணக்கில் எடுக்கும் என்று நினைத்து அதையும் இப்போதே விலையில் கழி. ஒரு நல்லது, 2012 உடன் ஆர்எக்ஸ்-8 தயாரிப்பு நின்றுவிட்டது, இவ்வளவு பழையதை இனி இறக்கவும் விடமாட்டார்கள். நாட்டுக்குள் இருப்பது அவ்வளவுதான். மாற்றாமல் கொம்பனி போட்டபடியே இருந்தால் ஆசைக்காரன் கூடக் கொடுப்பான். ஸ்பிரிங் வெட்டி, தகரப் பீப்பா மாதிரிச் சத்தம் போடும் சைலன்சர் போட்டிருந்தால் குறையும், செலவழித்தவர் கூடும் என்றுதான் சொல்வார்.

நிரோ: சைலன்சர் மாற்றியிருக்கிறார். பழையது வீட்டில் கிடக்கிறதாம்.

குகன் மாமா: அதையும் ஏற்றித் தரச் சொல். அதோடு புகையைச் சுத்தமாக்கும் கட்டலிற்றிக் இருக்கிறதா, வெட்டி எறிந்தாரா என்று கேள். வெட்டியிருந்தால் புகைப் பரிசோதனையில் மாட்டுவாய்.

தர்ஷினி: ரயர்?

நிரோ: நல்ல பூ இருக்கிறது, வெட்டு தேயவில்லை.

குகன் மாமா: பூவைப் பார்க்காதே, பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016 ஆம் ஆண்டு 23 ஆவது வாரம் செய்தது. ஓடாமல் நின்ற காரில் பூ இருக்கும், ரப்பர் செத்திருக்கும். 18 இஞ்சி றிம், 225/45, நாலும் மாற்றினால் கை சுடும். கடற்கரை ஊர்க் கார் என்பதால் ஹொயிஸ்ற்றில் ஏற்றி அடியில் கறளும் பார்க்க வேண்டும். சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துப் பார், வெள்ளத்தில் நின்ற காரென்றால் அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருக்கும். 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கமே எத்தனை கார் கழுவி விற்றார்கள்.

செல்வி சித்தி: எங்கள் ஒழுங்கைக்குள் கொண்டுவரும்போது அடி தட்டாதா? மழைக்குப் பிறகு கிரவல் எல்லாம் பள்ளம்.

பாபு அண்ணா ஸ்காபரோ: ஒட்டுசுட்டான் பக்கம் இரவில் யானை வேறு 🐘

நிரோ: மெயின் ரோட்டில் பெரியப்பா வீட்டில் விடுவேன் சித்தி. ஏற்கெனவே கேட்டுவிட்டேன்.

செல்வி சித்தி: அப்போ எடுக்கத்தான் முடிவு. எங்களிடம் கேட்பது சும்மா சம்பிரதாயம்.

குகன் மாமா: எடுக்கட்டும் அக்கா. உழைக்கிற பிள்ளை, ஆசைப்படுகிறான். ஆனால் கணக்கு இப்படி. ஆறு முகமும் நல்ல இலக்கம் காட்டினால் 38, அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை. ரயர், இக்னிஷன் கொயில், பிளக் அந்த 40 இல் இருந்து கழிந்த காசில் பார்த்துக்கொள். எல்லைக்குக் கீழே காட்டினால் கொழும்பில் ரோட்டரி செய்கிற ஒருவரிடம் எஞ்சின் ரீபில்ட் செலவை எழுத்தில் வாங்கு. அதை 38 இல் கழி, மேலும் ஒரு 3 லட்சம் கழி. திறந்த பிறகுதான் ரோட்டரைச் சுற்றியிருக்கும் ஹவுசிங் கீறியிருக்கிறதா என்று தெரியும், கீறியிருந்தால் எழுத்தில் தந்த கணக்கு நிற்காது. அந்த விலைக்கு அவர் தரமாட்டார், அப்போது வந்துவிடு.

நிரோ: சரி மாமா. அவரிடம் அப்படியே சொல்கிறேன்.

சனி இரவு

நிரோ: கம்ப்ரெஷன் மீற்றர் போட்டுப் பார்க்கச் சம்மதித்துவிட்டார். காசு என்னுடையது. அவருடைய தெரிந்த கராச்சுக்குக் கொண்டுபோகலாமாம்.

குகன் மாமா: அவருடைய தெரிந்த கராச் வேண்டாம். வத்தளையில் ஒருவரிடம் அந்த மீற்றர் இருக்கிறது, இன்றைக்குக் கதைத்தேன். புதன்கிழமை பத்து மணிக்கு என்று சொல்லியிருக்கிறேன். முதலில் நீர்கொழும்பில் அவர் வீட்டு வாசலில் குளிர் ஸ்ராட், அங்கிருந்து ஓடிப் போகச் சூடு ஏறிவிடும், கையோடு ரெஸ்ற்.

நிரோ: நீங்களும் வருகிறீர்களா மாமா? 🙏

குகன் மாமா: செவ்வாய் இரவு பஸ். இரண்டு சீற் போடு, எனக்கு ஜன்னல் பக்கம்.

செல்வி சித்தி: முறிகண்டியில் பஸ் நிற்கும்போது ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போங்கோ. கச்சானும் வாங்குங்கோ, எனக்கு இல்லை, பஸ்ஸுக்கு.

குகன் மாமா: அக்கா, நாங்கள் மாங்குளத்தில் இருந்து தெற்கே போகிறோம். முறிகண்டி வடக்கே 😂

செல்வி சித்தி: நீ கிளிநொச்சியில் ஏறி வருவாய்தானே. உடை.