16.5 மி.மீ.லிருந்து 18.2 மி.மீ.க்கு: மாடல் ரயிலின் தண்டவாளம் மாற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொன்மலைக்காரன் (ரெடிங், இங்கிலாந்து):

என் பெண் எடுத்த ஒரு போட்டோவில்தான் எல்லாம் தொடங்கியது. போனைத் தண்டவாளத்தின் மேலேயே சாய்த்து வைத்து, என் மாடல் ரயில் லேஅவுட்டின் ஸ்டேஷனுக்குள் வரும் பேனியர் என்ற சிறிய நீராவி எஞ்சினை நேருக்கு நேர் எடுத்திருந்தாள். மேலே பெரிய உடம்பு. கீழே கால்களை ஒட்டிக்கொண்டு நிற்பதுபோல் சக்கரங்கள். பக்கவாட்டில் பார்த்தே பழகியிருந்த எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இத்தனைக்கும் நான் திருச்சி பொன்மலையில் வளர்ந்தவன். மீட்டர் கேஜும் பிராட் கேஜும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த ஊர். எது அகலம், எது குறுகல் என்று அளக்காமலே தெரியும் கண் இது. அந்தக் கண் என் லேஅவுட்டுக்கு முன்னால் மட்டும் பன்னிரண்டு வருஷம் தூங்கியிருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1922-இல் பாசெட்-லோக் நிறுவனத்துக்காக ஜெர்மனியின் பிங் கம்பெனி 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஒரு மேஜை ரயிலைச் செய்தது. 3.5 மி.மீ.க்கு ஓர் அடி என்ற எச்ஓ அளவுக்கு அந்த அகலம் சரியாகப் பொருந்தும். ஆனால் பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒல்லி. அந்தக் காலத்து மோட்டார் அந்த உடம்புக்குள் நுழையவில்லை. அதனால் உடம்பை மட்டும் 4 மி.மீ.க்கு வளர்த்துவிட்டு, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். வளர்ந்த பையனுக்குப் போன தீபாவளி டிரவுசரைப் போட்டுவிட்ட கதை. நிஜத்தில் 4 அடி 8.5 அங்குலமாக இருப்பது, ஓஓ எனப்படும் இந்தக் கலப்பு அளவில் 4 அடி 1.5 அங்குலமாக நிற்கிறது. சரியான கணக்குப்படி 18.83 மி.மீ. வேண்டும்.

சரி, என் முதல் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். தண்டவாளத்தைத் தொடாமல், முதலில் வேகன்களுக்கு மட்டும் மெல்லிய ஃபைன்ஸ்கேல் சக்கரம் போடலாம் என்று நினைத்தேன். பாதிக் கிணறு தாண்டும் யோசனை. கடையில் வரும் சக்கரத்தின் அகலம் சுமார் 2.8 மி.மீ., நான் போட்டது 2.3. ஓஓ-வுக்கான உள்முக இடைவெளியிலேயே (ஓர் அச்சின் இரு சக்கரங்களின் உள்பக்கங்களுக்கு நடுவே உள்ள தூரம்) வைத்துப் பத்து வேகனுக்கு மாட்டி ஓடவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தடம் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு பாயிண்ட்டிலும் டக், டக், டக் என்று சத்தம். நாலாவது வேகன் கிராசிங் மூக்கில் (இரு தடங்களின் கம்பிகள் சேரும் கூர்முனையில்) இடித்துக்கொண்டு வெளியே வந்தது. பாயிண்ட்டை ராவினேன், மூக்கை உயர்த்தினேன், வேகனில் எடை ஏற்றினேன். மூன்று வாரம் போனது.

கடைசியில் எங்கள் கிளப்பில் இருக்கும் ஒரு பெரியவர், ரிட்டயர் ஆன சிக்னல் ஃபிட்டர், ஒரு காகிதத்தில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். கிராசிங்கில் சக்கர விளிம்பு போவதற்காக விடும் பள்ளம், அதாவது பிளாஞ்ச்வே, ஓஓ-வில் 1.25 மி.மீ. அந்த இடைவெளியைத் தாண்டும்போது சக்கரத்தை இந்தப் பக்கத்து ரயில் (தண்டவாளக் கம்பி) விட்டு, மூக்கு பிடிக்க வேண்டும். விழாமல் தாண்ட, சக்கரத்தின் அகலம் பள்ளத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 1.25-க்கு இரண்டு மடங்கு 2.5. என் சக்கரம் 2.3. விழாமல் என்ன செய்யும்?

அந்தக் காகிதம் இன்னும் என் ஒர்க்பெஞ்சுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அதுவரை கேஜ் என்றால் ஓர் எண் என்று நினைத்திருந்தேன். அது ஒரு குடும்பம். தண்டவாள அகலம், பள்ளம், சக்கர அகலம், சக்கரங்களின் உள்முக இடைவெளி எல்லாம் ஒன்றாகத்தான் குடி மாறும். ஒருவரை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் சண்டைதான். ஓஓ-வில் 16.5, பள்ளம் 1.25, உள்முகம் 14.4 அல்லது 14.5. இ.எம். என்ற இன்னோர் அளவுமுறையில் 18.2, 1.0, 16.5. அகலத்தை அப்படியே சரியாக வைக்கும் பி4 முறையில் 18.83, 0.68, 17.75. இ.எம். என்ற பெயரே ஆங்கிலத்தில் பதினெட்டு மில்லிமீட்டர் என்பதன் சுருக்கம்தான். பிற்பாடு 18.2 ஆனது.

நான் இ.எம். எடுத்தேன். அதைப் பாதி வழி, பயந்தவர்களின் வழி என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களை ஒருமுறை ஆக்ஸ்போர்டுஷயரின் லாங் விட்டன்ஹம் கிராமத்தில் இருக்கும் பென்டன் என்ற மாடல் மியூசியத்துக்குப் போய்வரச் சொல்வேன். 1925-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட் தொடங்கிவைத்தது. ஓலைக் கூரை வீடுகள், தோட்டத்துச் செடிகள், அவற்றின் நடுவே வளைந்து போகும் கிரேட் வெஸ்டர்ன் ரயில். அங்கே கிடப்பது 18 மி.மீ. தண்டவாளம். அரை நாள் நின்றேன், 0.83 குறைகிறதே என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

பெரியவர் ஒரு நிபந்தனை போட்டார்: "எஞ்சினைத் தொடாதே. முதலில் ஒரு பாயிண்ட் கட்டு. அது பிடித்தால் மேலே போ." பி6 (B6) பாயிண்ட், அதாவது ஆறு பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு விலகும் கிராசிங். டெம்ப்ளாட் மென்பொருளில் வரைந்து, காகிதத்தில் அச்சடித்து, அதன்மேல் செம்புத் தகடு ஒட்டிய ஸ்லீப்பர்களை வைத்து, ரயிலைச் சால்டர் செய்தேன். ஐந்து மாலைகள். முடித்துவிட்டு அளந்தால் கிராசிங் பக்கம் 17.9. ஓர் ஓரத்திலிருந்து வரிசையாகச் சூடு வைத்துக்கொண்டே போயிருக்கிறேன். ரயில் சூட்டில் நீண்டு, ஆறும்போது இழுத்துக்கொண்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்து, ஆறவிட்டு, அகலத்தைப் பிடித்துவைக்கும் ரோலர் கேஜ் கருவியை எடுக்காமல் அடுத்ததற்குப் போக வேண்டும். இரண்டாவது பாயிண்ட் அளவில் கச்சிதம். கரண்ட் கொடுத்ததும் ஷார்ட். ஸ்லீப்பரின் செம்பில் வெட்டு விட மறந்திருக்கிறேன். இதைச் செய்யாத ஆள் இந்தப் பொழுதுபோக்கில் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். மூன்றாவது பாயிண்ட்தான் இன்றைக்கும் என் யார்டில் கிடக்கிறது.

இவ்வளவு சிரமம் இப்போது அவசியமில்லை. 1955-இல் தொடங்கிய இ.எம். கேஜ் சொசைட்டிக்காக மாடல் தண்டவாளம் செய்யும் பெக்கோ கம்பெனியே 18.2 தண்டவாளமும் ரெடிமேட் பாயிண்ட்டும் செய்து தருகிறது. ஆனாலும் ஒன்றாவது கையால் கட்டிப் பாருங்கள். பிறகு எது தடம் புரண்டாலும் எங்கே பார்ப்பது என்று தெரியும்.

வேகன்கள் சுலபம். 26 மி.மீ. ஊசிமுனை அச்சில் வரும் இ.எம். சக்கரத்தைப் பழைய சக்கரத்தைக் கழற்றிய இடத்தில் மாட்டினால் ஆயிற்று, ஒன்றுக்குப் பத்து நிமிஷம். பெட்டிகளும் ஏறக்குறைய அப்படித்தான்.

எஞ்சின் வேறு கதை. எல்லாரும் பேனியரில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1929 முதல் 1950 வரை 863 எஞ்சின்கள் கட்டிய வகை அது, சிலிண்டர்கள் உள்ளே. வெளியே ஆடும் தண்டு இணைப்புத் தண்டு மட்டும்தான். சக்கரம் வெளியே தள்ளும்போது எதன்மேலும் இடிக்காது. கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும்: ஓஓ-வில் ஒரு சக்கரத்தின் வெளிமுகத்திலிருந்து மற்றதன் வெளிமுகம் வரை சுமார் 20.1, இ.எம்.மில் 21.1. தண்டவாளம் 1.7 அகலமானாலும் மொத்தத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் கூடுகிறது, சக்கரம் மெலிந்துவிடுவதால். ஆனால் வெளி சிலிண்டர் எஞ்சினில் கிராஸ்ஹெட்டுக்குப் (பிஸ்டன் தண்டை இணைக்கும் உறுப்பு) பின்னால் அந்த அரை மில்லிமீட்டர்கூடக் கிடைக்காது. நான் அறுக்க மறந்தது பிரேக் கட்டைகளை. சக்கரம் வெளியே போய்விட்டது, கட்டைகள் பழைய இடத்திலேயே காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன.

நிஜமான விலை இதெல்லாம் இல்லை. பதினேழு எஞ்சின் வைத்திருந்தேன், மூன்றை வைத்துக்கொண்டு பதினாலை விற்றேன். அதில் ஒன்று என் அப்பா முதல்முறை இங்கே வந்தபோது வாங்கிக் கொடுத்தது. அதை விற்றிருக்கக் கூடாது. அலமாரியில் நிறுத்தி வைக்க என்ன கேடு?

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

மாடியறை ரயில்வே (எடின்பரோ):

பொன்மலை சார், பென்டனைச் சொல்லி வாயை அடைத்துவிட்டீர்கள். நான் பி4. ஆறடிப் பலகை, இரண்டு பாயிண்ட், நான்கு வருஷம். என் மனைவி மாடிப்படியில் நின்றபடி "இன்னும் வண்டி வரலையா?" என்று கேட்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

பி4-இல் விளிம்பின் ஆழம் அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. நான்கு சக்கர வேகன் விறைப்பாக இருந்தால் ஒரு சக்கரம் எப்போதும் காற்றில் நிற்கும், விளிம்பு ரயிலைப் பிடிக்காது. இதை எனக்கு யாரும் புரியவைக்கவில்லை, என் பாட்டி வீட்டு முக்காலிதான் புரியவைத்தது. நாற்காலி மேடுபள்ளத் தரையில் ஆடும், முக்காலி ஆடாது. ஓர் அச்சை அசையாமல் வைத்து, இன்னோர் அச்சை நடுவில் ஒரு கம்பியின்மேல் தராசுபோல் ஆடவிட்டால் வேகன் முக்காலி ஆகிவிடும். அதைச் செய்த பிறகு என் வேகன்கள் பாயிண்ட்டில் சத்தமே இல்லாமல் போகின்றன. அந்த அமைதிக்காகத்தான் பி4-இல் இருக்கிறேன், 0.63 மி.மீ.க்காக இல்லை.

ஒரு குறை. என் பலகை இரண்டு துண்டு. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டதும் இணைப்பில் ஒரு மயிரிழை விலகும். ஓஓ-வில் கவனித்திருக்கவே மாட்டேன். இங்கே ஒவ்வொரு டிசம்பரிலும் ஸ்பேனரோடு உட்காருகிறேன்.

கஞ்சன் (லெஸ்டர்):

எல்லாரும் அகலப்படுத்துகிறீர்கள். நான் குறுக்கினேன். கிராசிங் பகுதியில் மட்டும் 16.2 மி.மீ., பள்ளம் 1.0. ஓஓ-எஸ்எஃப் என்பார்கள். கடையில் வாங்கிய சக்கரம் அப்படியே ஓடும், பொன்மலைக்காரரின் 2.3 சக்கரமும் விழாது, ஏனென்றால் இரண்டு மடங்கு 2.0தான். ஓர் எஞ்சினையும் விற்கவில்லை. நேருக்கு நேர் போட்டோ மட்டும் எடுப்பதில்லை.

குரோம்பேட்டை கூட்ஸ் (சென்னை):

அண்ணா, ஏழு அங்குலம் குறைகிறது என்று இவ்வளவு வருத்தப்படுகிறீர்கள். என் நிலைமையைக் கேளுங்கள். நான் செய்வது நம்ம ஊர் வண்டி, 1:87 அளவில். நம் பிராட் கேஜ் 1676 மி.மீ. எச்ஓ தண்டவாளத்தின் 16.5-ஐப் பெருக்கினால் 1435 வருகிறது, அது வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் கேஜ். எனக்கு ஒன்பதரை அங்குலம் குறைவு! டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார எஞ்சினை முன்னாலிருந்து பார்த்தால் அரிசி மூட்டையைச் சைக்கிளில் ஏற்றியதுபோல் இருக்கிறது.

பெட்டிகள் உள்ள லேஅவுட்டை அப்படியே விட்டுவிட்டேன், நண்பர்கள் வந்தால் ஓட வேண்டுமே. தனியாக ஒரு மீட்டர் நீளத்துக்கு 19.25 மி.மீ. போட்டு, அதில் ஒரே ஒரு பாக்ஸ்என் சரக்கு வேகனை நிறுத்தியிருக்கிறேன். கேஜ் கருவி கிடைக்காது என்பதால் லேத் பட்டறையில் ஒரு பித்தளை உருளை கடைந்து வாங்கினேன். பட்டறைக்காரர் "எதுக்கு சார் இது?" என்று கேட்டார். "ரயிலுக்கு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காசு குறைவாகத்தான் வாங்கினார்.

இப்போது பாயிண்ட் கட்டப் போகிறேன். இந்த அளவுக்குச் சங்கமும் இல்லை, அட்டவணையும் இல்லை. பள்ளம் எவ்வளவு விடுவது? பி4 மாதிரி 0.68 விடலாமா?

பொன்மலைக்காரன்:

தம்பி, 0.68 வேண்டாம். உங்களிடம் இருப்பது கடையில் வாங்கிய எச்ஓ சக்கரம், அதன் விளிம்பு அந்தப் பள்ளத்தில் இறங்காது. சக்கரத்துக்கு ஏற்ற பள்ளத்தையே வையுங்கள், 1.25. தண்டவாளம் எவ்வளவு கூடியதோ அவ்வளவையும் அச்சில் கூட்டுங்கள். 16.5-லிருந்து 19.25, ஆக 2.75. உள்முகம் 14.4 இருந்தால் அது 17.15 ஆகும். சக்கரத்தின் வெளிமுகம் வரை 22.75 வரும், எனவே 26 மி.மீ. ஊசிமுனை அச்சு போதும், போகியின் பக்கச் சட்டத்தை மட்டும் கொஞ்சம் விலக்க வேண்டியிருக்கும். லேத்காரரிடம் 17.15-க்கும் ஒரு துண்டு கடையச் சொல்லுங்கள், சக்கரத்தை அதில் வைத்து அழுத்தினால் ஒரே மாதிரி வரும்.

செக் ரயிலை, அதாவது சக்கரம் மூக்கில் இடிக்காமல் இழுத்துப்பிடிக்கும் துணைக் கம்பியை, கடைசியில் வையுங்கள். முதலில் கிராசிங், அப்புறம் வெளி ரயில், வேகனைக் கையால் பத்துத் தடவை தள்ளிப் பார்த்து, அப்புறம் செக் ரயில். செம்பு ஸ்லீப்பர் என்றால் வெட்டு விட மறக்காதீர்கள்.

முடிந்ததும் பாக்ஸ்என்னை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். நேருக்கு நேர்.