மறுமொழி: இதயத் தமனிக்கு ‘கோளாறு’ வேணாமே

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இதயத்தசைக்கு ரத்தம் கொண்டுபோற தமனி பிறவியிலேயே மாறி அமைஞ்சிருக்கிறதை ‘கொரோனரி ஆர்ட்டரி அனாமலி’ம்பாங்க. நம்ம அகராதிக்கு இதோட தமிழ்ப்பேரா ஐயா ‘பிறவி இதயக்குழாய்க் கோளாறு’ன்னு முன்வச்சிருக்காங்க. ‘பிறவி’ சரிதான், ‘கோளாறு’தான் எனக்கு உறுத்துது. இங்க சிங்கப்பூர்ல வேற எதுக்கோ சிடி ஸ்கேன் எடுக்கப்போய் இது தற்செயலா தெரியவருது, வீட்ல பாட்டிகிட்ட இதயக்குழாய்ல கோளாறுன்னு சொன்னா அவங்க அடைப்புன்னே எடுத்துக்கிட்டு நெய்யையும் முட்டையையும் நிறுத்தச் சொல்லிடுவாங்க. இதுக்கும் கொழுப்புக்கும் சம்பந்தமே இல்ல. கருவுல இதயம் உருவாகும்போதே தமனி கிளம்புற இடமோ போற வழியோ மாறிடுது. நூத்துல ஏறக்குறைய ஒருத்தருக்கு இப்படி ஏதோ ஒரு மாற்றம் இருக்கும், பெரும்பாலும் ஆயுசுக்கும் ஒரு தொந்தரவும் தராது. அதனால ‘பிறழ்வு’ போதும்.

ஆனா எங்க பிறழ்ந்திருக்குன்னு பேர்லயே தெரியணும், ஆபத்து அதுலதான் இருக்கு. இடது இதயத்தமனி, பெருந்தமனியோட (இதயத்துலேர்ந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய்) வலது பக்கத்துலேர்ந்து கிளம்பி, பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவுல நுழைஞ்சு போகுதுன்னு வைங்க, அதோட வாய் கீறல் மாதிரி ஒடுங்கியிருக்கும், கொஞ்ச தூரம் பெருந்தமனிச் சுவருக்குள்ளயே ஓடும், சும்மா இருக்கும்போது ஒண்ணும் தெரியாது, வேகமா ஓடும்போது இதயத்தசைக்கு ரத்தம் போதாம மயங்கி விழலாம், உயிரே போகலாம். வலது தமனி இடப்பக்கத்துலேர்ந்து கிளம்புறது இதைவிட அதிகம், ஆபத்து குறைவு. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மராவிச் 1988ல 40 வயசுல ஆடிக்கிட்டிருக்கும்போதே இறந்துபோனார், பிறவியிலேயே அவருக்கு இடது தமனி இல்லைன்னு பிரேதப் பரிசோதனையிலதான் தெரிஞ்சுது.

என் பரிந்துரை: ‘இதயத்தமனித் தோற்றுவாய்ப் பிறழ்வு’. போற வழி மாறியிருந்தா ‘வழிப் பிறழ்வு’, ரெண்டு தமனிக்கு நடுவுல போனா ‘தமனியிடை வழி’. தோற்றுவாய்க்குள்ள ‘வாய்’ இருக்கு, மருத்துவர் ஸ்கேன்ல முதல்ல தேடுறதும் அந்த வாயைத்தான்.

இதைச் சரிசெய்யுற ‘அன்ரூஃபிங்’ அறுவைக்கு ‘கூரைநீக்கம்’ங்கிற பேர் மட்டும் வேணாம். அந்த அறுவையில வெட்டுறது கூரையை இல்ல, பெருந்தமனிக்கும் அதோட சுவருக்குள்ள ஓடுற தமனிக்கும் பொதுவான உட்சுவரை, வாய் அகலமாகுறதுக்காக. ‘உட்சுவர்த் திறப்பு’ன்னா நடக்கிறதை அப்படியே சொல்லுது.

---

தம்பி, நல்லா எழுதியிருக்கிறீர். நாங்கள் யாழ்ப்பாணத்தில முடியுரு நாடி எண்டுதான் படிச்சனாங்கள், ஆனா இங்க நாடி எண்டா கையில பிடிச்சுப் பார்க்கிறது எண்டு நினைப்பினம், தமனியே இருக்கட்டும். குழந்தையளை மறந்திட்டீர். இடது தமனி நுரையீரல் தமனியில இருந்து வாறது 1933லயே விவரிச்ச நோய், பிறந்து கொஞ்ச நாள் பிள்ளை நல்லாத்தான் இருக்கும், நுரையீரல் அழுத்தம் குறையக் குறைய இதயத்தசைக்கு ரத்தம் காணாமப் போயிடும், பால் குடிக்கேக்க வேர்த்துக் கொட்டி வீறிட்டு அழும், வீட்டில வயித்துக்குத்து எண்டு ஓமத்தண்ணி குடுப்பினம். அறுவை செய்யாட்டி அநேகமான பிள்ளையள் ஒரு வயசு தாண்டாதுகள். இதையும் வெறும் பிறழ்வு எண்டா தாய்க்கு அவசரம் விளங்குமோ?

---

அக்கா, நீங்க சொல்றது ரொம்பச் சரி. இதுக்குத் தனிப்பேரே வேணும்: ‘நுரையீரல்தமனித் தோற்றுவாய் நோய்’. பிறழ்வுன்னு முடிஞ்சா பார்த்துக்கிட்டே இருக்கலாம், நோய்னு முடிஞ்சா ஒடனே மருத்துவமனைன்னு பிரிச்சிடலாமா? ஆனா அப்படிப் பார்த்தா இடது தமனி நடுவுல நுழையுறதையும் ‘நோய்’ பக்கம்தான் சேர்க்கணும், அதுக்கும் பொதுவா அறுவைதான் சொல்றாங்க. பெருந்தமனிக்கே தமனியை மாத்தி வைக்கிற அறுவையை ‘மறுபொருத்தல்’னு வச்சுக்கலாம்.

இன்னொண்ணு, ஈசிஜியும் டிரெட்மில்லும் சரியா வந்தாலும் இது இருக்கலாம், ரத்தக்குழாயைப் படமெடுக்கிற சிடி ஆஞ்சியோ ஸ்கேன்லதான் வாயும் வழியும் தெளிவாத் தெரியும். உடற்தகுதித் தேர்வோட 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துல மயங்கி விழுந்த பையனை வெயில்தான்னு விட்டுடக் கூடாது. அகராதிப் பதிவுல விளக்கத்தோட முதல் வரியா இதைப் போடணும்ங்கிறது என் வேண்டுகோள். ‘நோய்’ பிரிப்புல ஐயாவோட கருத்தையும் எழுதுங்க.