மழைக்காட்டுக்க எண்ணெய், எரிவாயு தேட மண்ணை மட்டும் பாத்தாக் காணுமோ?

வெள்ளவத்தை மாணவன்:
கொழும்பில புவிச்சரிதவியல் படிக்கிறன். அமேசன் மாதிரிக் காட்டுக்க சீஸ்மிக் (வெடியின்ர அதிர்வை வைச்சு நிலத்துக்குக் கீழ பாக்கிற முறை) செய்யிறதெண்டா நேர்கோடா மரம் தறிச்சு, துளை போட்டு வெடி வைச்சு, ஹெலி இறங்கவும் இடம் வெட்டோணும். அதுக்கு முதல் மேல்மண்ணை வைச்சே கீழ என்ன இருக்கெண்டு பாக்கிற முறைகள் இருக்காம், ஆனா எங்கட லெக்சரர் நம்புறாரில்ல. உண்மையில சரிவருமோ?

பழைய ஜியோ:
சரிவரும் தம்பி, ஆனா எதை அளக்கிறீர் எண்டதைப் பொறுத்து. கீழ இருக்கிற வாயு கொஞ்சம் கொஞ்சமா மேல கசியும், 1930களிலயே ஜேர்மனியிலயும் சோவியத்திலயும் மண்வாயுவை அளந்து பாத்தவை. மழைக்காட்டில பிரச்சினை மீதேன் தான், சேத்துக்க இருக்கிற நுண்ணுயிரே அதைக் கணக்கில்லாமச் செய்யும், அதை மட்டும் நம்பிப் போனா சதுப்பைத் தான் கண்டுபிடிப்பீர். நுண்ணுயிர் அவ்வளவாச் செய்யாத ஈதேன், புரொப்பேன் வாயுக்களையும் பாரும். மீதேனை அது ரெண்டின்ர கூட்டுத்தொகையால பிரிக்க 1000க்கு மேல வந்தா சதுப்பு வாயு, 100க்குக் கீழ எண்டா ஆழத்துச் சூட்டில உருவானது எண்டு பொதுவா எடுக்கிறது. இன்னொண்டு, மழைக்கு மண்துளை முழுக்கத் தண்ணி, குழாய் இறக்கி உறிஞ்சினா வாயு வராது. அதால வாயுவைப் பிடிச்சு வைக்கிற சின்னக் குப்பிகளைச் சில கிழமை புதைச்சு வைச்சு எடுப்பினம்.

லாப் அக்கா:
நுண்ணுயிர் முறையும் இருக்கு, எனக்குப் பிடிச்சது அது தான். கீழயிருந்து கசியிற பியூட்டேன் வாயுவைத் தின்னுற நுண்ணுயிர் மேல்மண்ணில கூட இருக்கோ எண்டு பாக்கிறது. ஒரு சாண் ஆழத்தில கைப்பிடி மண் காணும். வளர்க்கிற தட்டில பியூட்டனோல் எண்ட அற்ககோலைக் கலந்து விட்டா மற்றதுகள் அனேகமாச் செத்துப்போகும், பியூட்டேனைத் தின்டு பழகினதுகள் தாங்கி முளைக்கும், பிறகு புள்ளி புள்ளியா வாற கொலனியளை எண்ணுறது தான் வேலை.

பழைய ஜியோ:
ஓம், ஆனா உங்கட லெக்சரர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. எந்த ஆழம், எவ்வளவு இருக்கு எண்டு இது ஒண்டும் சொல்லாது, கசிவு பாறை வெடிப்பு வழியாச் சாய்ஞ்சு வேற இடத்தில வெளிக்கிடும். ஆனா எங்க சீஸ்மிக் கோடு போடத் தேவையில்லை எண்டு சொல்லும், அதுவே கனக்க மரத்தைக் காப்பாத்தும்.

பச்சைக்காடு:
தேடேக்க மரம் தப்பும், கிடைச்ச பிறகு? றோட்டும் குழாயும் வரும் தானே. எக்குவடோரில யசுனிக் காட்டுக்க எண்ணெய் எடுக்கிறதை நிப்பாட்டச் சொல்லி 2023இல சனம் வாக்குப் போட்டதே இதுக்காகத் தான். இதையும் ரிப்போட்டில எழுதுங்கோ.

வெள்ளவத்தை மாணவன்:
எழுதுறன். ப்ரொஜெக்டுக்கு முத்துராஜவெல சதுப்பு மண்ணில மீதேனையும் ஈதேனையும் அளந்து பாக்கலாமோ?

பழைய ஜியோ:
நல்ல யோசனை, வெறும் சதுப்பு வாயு எப்பிடி இருக்குமெண்டு கையில ஒரு அளவு வரும். சரணாலயப் பகுதி எண்டபடியா முதல்ல அனுமதி எடும்.