பேக்ஸ்பேஸ் அழித்ததைத் திரை காட்டாத இரவு

இரவுப்பணி:
வீட்டில் லினக்ஸ், பயணத்தில் மேக், அலுவலகத்தில் விண்டோஸ். மூன்றிலும் கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எழுத்துரு, நிறம், விசைச்சேர்க்கை அனைத்தையும் ஒரே கிட் களஞ்சியத்தில் (கோப்புகளையும் அவற்றின் மாற்றங்களையும் சேமிக்கும் இடம்) வைத்திருக்கிறேன். எந்த வகை டெர்மினல் என்று சர்வருக்குச் சொல்லும் டெர்ம் மாறியை மட்டும் கவனிக்கத் தவறினேன். மேக்கில் புதிதாக நிறுவிய எமுலேட்டர், அதாவது டெர்மினல் நிரல், தன் சொந்தப் பெயரை அதில் இட்டிருந்தது. எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு வழியே நான் நுழைந்த பழைய சர்வரில் அந்தப் பெயருக்கு டெர்மின்ஃபோ பதிவு, அதாவது அந்த டெர்மினலின் திறன்களைச் சொல்லும் குறிப்பு, இல்லை.

பழைய பதிவேடுகள் இருந்த, ஆண்டையே பெயராகக் கொண்ட ஓர் உள்கோப்புறையை நீக்குவதற்கான கட்டளையைத் தட்டினேன். ஆண்டின் கடைசி இலக்கம் தவறாக விழவே பேக்ஸ்பேஸை அழுத்தினேன். எழுத்து அழியாமல் கர்சர் வலப்பக்கம் நகர்ந்தது. மீண்டும் மீண்டும் அழுத்தினேன், வெற்றிடம்தான் கூடியது. வரி கெட்டுவிட்டது, என்டர் தட்டினால் பிழைச்செய்தியோடு புதுவரி கிடைக்கும் என்று நம்பித் தட்டினேன். திரை காட்டாவிட்டாலும் ஒவ்வொரு அழுத்தமும் உள்ளே எழுத்தை அழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆண்டு முழுவதும் போய், மேல்கோப்புறையின் பெயர் மட்டுமே மிஞ்சியிருந்தது. பிழைச்செய்தி எதுவும் வராமல் கர்சர் மௌனமாக அடுத்த வரிக்கு வந்த அந்த நொடி இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை. முந்தைய நாளின் காப்புநகல் இருந்ததால் தப்பித்தேன். அன்றிலிருந்து எல்லா இடத்திலும் டெர்ம் மாறியை எக்ஸ்டெர்ம்-256கலர் என்றே வைத்துவிட்டேன்.

பழையநிர்வாகி:
உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் நீங்கள் கண்ட தீர்வை நான் ஏற்கவில்லை. அந்தப் பெயரை இடுவது, எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் நிரல் செய்வதையெல்லாம் என் டெர்மினலும் செய்யும் என்று சர்வருக்கு வாக்குக் கொடுப்பதாகும். செய்யாத ஒன்று வரும்போது வேறொரு மூலையில் திரை குலையும். எனக்கும் இப்படி நேர்ந்ததுண்டு: ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியில் பேக்ஸ்பேஸ் தட்டும்போதெல்லாம் உதவிக் கட்டளை கிளம்பியது, ஏனெனில் என் எமுலேட்டர் 127-க்குப் பதிலாக 8 என்ற குறியீட்டை, அதாவது கன்ட்ரோல்-எச் விசையை, அனுப்பிக்கொண்டிருந்தது. இந்த இரட்டை வழக்கம் 1978-இல் வந்த விடி100 முனையக் காலத்திலேயே உண்டு. அதில் பேக்ஸ்பேஸுக்கும் டெலீட்டுக்கும் தனித்தனி விசைகள் இருந்தன.

செய்ய வேண்டியது இது. உங்கள் கணினியில், டெர்மின்ஃபோ பதிவை உரையாகக் காட்டும் இன்ஃபோசிஎம்பி கட்டளையை எக்ஸ் விருப்பத்தோடு ஓட்டி, வெளிவரும் விவரத்தை எஸ்எஸ்எச் வழியே சர்வரில் உள்ள, அதைப் பதிவாக மாற்றும் டிக் கட்டளைக்குக் கொடுங்கள். நிர்வாகி உரிமை வேண்டியதில்லை. அது உங்கள் முகப்புக் கோப்புறையிலேயே டெர்மின்ஃபோ பதிவை எழுதிக்கொள்ளும். ஒரே டெர்மினலைப் பல சாளரங்களாகப் பிரிக்கும் டீமக்ஸ் நிரலைப் பயன்படுத்துவோர் அதற்குரிய பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் பழைய மேக்குகளில் டீமக்ஸ்-256கலர் பதிவு கிடையாது. மூன்று இயங்குதளத்திலும் ஒரே நிரல்தான் வேண்டுமென்றால் அலாக்ரிட்டி, வெஸ்டெர்ம் ஆகிய எமுலேட்டர்கள் இரண்டும் மூன்றிலும் ஓடும். அலாக்ரிட்டியின் 0.13 பதிப்பில் அமைப்புக் கோப்பு யாமல் என்ற எழுத்துமுறையிலிருந்து டாமல் என்ற எழுத்துமுறைக்கு மாறியதால், எல்லாக் கணினியிலும் பதிப்பும் ஒன்றாக இருக்கட்டும்.

சொல்திருத்தி:
பழையநிர்வாகி ஐயா, வாடிக்கையாளரின் சர்வர்களில் ஒரு கோப்புகூட எழுத அனுமதியில்லாத என் போன்றோர் என்ன செய்வது? இரவுப்பணி செய்ததைத்தான் நாங்களும் செய்கிறோம்.

என்னை உறுத்துவது வேறு. தமிழ்ப் பெயருள்ள கோப்பொன்றை லினக்ஸில் திருத்தினால் கர்சர் சரியான இடத்தில் நின்றது; அதே வரி மேக்கில் இரண்டு கட்டம் தள்ளி நின்றது, நான் அழித்தது பக்கத்து எழுத்தை. யூனிகோடில் இகரக் குறி இடங்கொள்ளும் வகை; ஈகாரக் குறியும் புள்ளியும் இடங்கொள்ளா வகை. அதன்படி 'கி'க்கு இரண்டு கட்டமும் 'கீ'க்கு ஒரு கட்டமும் என்று பல நிரல்கள் கணக்கிடுகின்றன. கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் ஒரு கணக்கும் எமுலேட்டர் வேறொரு கணக்கும் வைத்திருந்தால், டெர்ம் மாறியை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

இரவுப்பணி:
டிக் வழியை நேற்று அந்தப் பழைய சர்வரில் செய்து பார்த்தேன். பேக்ஸ்பேஸ் ஒழுங்காக அழிக்கிறது. இருந்தாலும் நீக்கும் கட்டளை எதையும் இப்போது கட்டளையை நிறைவேற்றாமல் எழுதிக்காட்டும் எக்கோவை முன்னால் இட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே தருகிறேன்.